கருவியும் கருத்தாவும்

புதிய மகிழுந்து வாங்குவோர்க்கு இன்று தவறாமல் கிடைக்கும் அறிவுரை, "வண்டியை நம்புங்கள்" என்பதே. முன்செல்லும் வண்டிக்கேற்ப அது விரைவைக் குறைக்குமாம். கோட்டைவிட்டு விலகினால் திருப்பிக் கொணருமாம். மோதல் நெருங்கினால் தானே பிரேக் போடுமாம். 2017இல் வந்த பெரோடுவா மைவியின் உயர்வகையிலேயே தானியங்கிப் பிரேக் இடம்பெற்றுவிட்டது. ஆகவே இது செல்வர் வீட்டுச் செய்தி மட்டுமன்று.

இவற்றை வேண்டாமென ஒதுக்குவது பேதைமை. கண் அயரும் நொடியில் உயிர்காக்கும் கருவி இகழத்தக்கதன்று. எதிர்க்க வேண்டியது, அதன் எல்லையைச் சொல்லாது நம்பிக்கையை மட்டும் விற்கும் வாணிகத்தையே.

மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபு கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும். 'உளியால் செதுக்கினான்' என்பதில் உளி கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. இவ்விரண்டையும் குழப்பும் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். நெடுஞ்சாலையில் குழப்புவோர்க்கோ இழப்பு அவ்வளவோடு நிற்பதில்லை.

2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் டெஸ்லா மகிழுந்து ஒன்று, குறுக்கே திரும்பிய லாரியில் மோதி அடியில் புகுந்தது, ஓட்டியவர் மாண்டார். ஓட்டுநர் உதவி அமைப்பு அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. குறுக்கே வரும் வண்டியைக் கண்டு நிற்க அது அமைக்கப்படவில்லை. லாரி வழிவிடாமையோடு, ஓட்டுநரின் மிகைநம்பிக்கையையும் அதற்கு இடங்கொடுத்த வடிவமைப்பையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் காரணமாகச் சுட்டிற்று. அவ்வமைப்பின் பெயரோ 'ஆட்டோபைலட்'! பெயர் கருத்தாவைச் சொல்கிறது. கையேடு கருவியைச் சொல்கிறது.

பழகப் பழக நம்பிக்கை வருமென்பர். வரும், இடரும் அங்கேதான் உள்ளது. நூறு முறை தானே நின்ற வண்டி அடுத்த முறையும் நிற்குமென்று கால் சோம்பிவிடும். எளிய பணியை எந்திரம் எடுத்துக்கொள்ள, கடினமானதே மனிதனுக்கு எஞ்சும். அதற்கான பழக்கமும் குன்றும் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆய்வாளர் 1983இலேயே எழுதினார். மணிக்கு 110 கிலோமீட்டர் விரைவில், திகைத்து விழிக்கும் இரண்டு நொடிக்குள் வண்டி 60 மீட்டரைக் கடந்துவிடும்.

கொட்டும் மழையில் கேமராவின் பார்வை மங்கும். தேய்ந்த சாலைக்கோடு அதற்குத் தெரியாது. திடீரென இடையில் நுழையும் மோட்டார் சைக்கிளை அது தவறவிடக்கூடும். இத்தகைய எச்சரிக்கைகள் கையேட்டில் அச்சாகியே வருகின்றன. வண்டியை ஒப்படைக்கும் நாளில் வானொலியை இயக்கக் கற்றுத்தருவோர், அப்பக்கங்களைப் புரட்டிக் காட்டுகின்றனரா? வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் அவற்றை விளக்கிய பின்னரே சாவியைக் கொடுக்க வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தட்டும்.