சவுக்குக்கு நன்றி சொல்வதா?

"எழுத்தாளன் அடிபட வேண்டும் ஐயா! ஜார் சவுக்கை எடுத்தான், டாஸ்டாயெவ்ஸ்கி கிடைத்தார். ஸ்டாலின் சிறையைத் திறந்தான், அக்மதோவா கிடைத்தார். சௌகரியமாக வாழ்கிறவனிடமிருந்து மகத்தான இலக்கியம் எப்படி வரும்?"

என் நண்பர் ஒருவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். பிறத்தியார் பட்ட வேதனையைப் பற்றி இத்தனை திருப்தியோடு பேச ஓர் இலக்கிய ரசிகரால்தான் முடியும்! இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. எழுதிப் பிழைக்கிற என்னிடம் பலர் இதை உபதேசமாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1849-ல் டாஸ்டாயெவ்ஸ்கியைக் கைது செய்தார்கள். கொலைக்களத்தில் நிறுத்தி, கடைசி நிமிஷத்தில் உயிர்ப்பிச்சை கொடுத்து, சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டு கடுங்காவல். பிறகு கட்டாயச் சிப்பாய் வேலை. தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்கு அவர் திரும்பியது 1859-ன் கடைசியில். சவுக்குதான் இலக்கியத்தைத் தருமென்றால், அந்தப் பத்து ஆண்டுகளில் அல்லவா அவருடைய பெரிய நாவல்கள் வந்திருக்க வேண்டும்? ஒன்றுகூட வரவில்லை.

சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் 1855-ல் இறந்தான். அவன் மகன் இரண்டாம் அலெக்சாந்தர் காலத்தில், 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. 1865-ல் தணிக்கை விதிகள் சற்றுத் தளர்ந்தன. 1866-ல் 'ருஸ்கி வெஸ்த்னிக்' என்ற பத்திரிகையில் 'குற்றமும் தண்டனையும்' தொடராக வந்தது. 'போரும் அமைதியும்' நாவலின் ஆரம்பப் பகுதிகள் அச்சானதும் அதே பத்திரிகையில்தான். அந்தச் சந்தாதாரர்கள் பாக்கியசாலிகள்! இரண்டாவது நாவலை எழுதிய டால்ஸ்டாய், சொந்தப் பண்ணையில் வாழ்ந்த பிரபு. அவரை எந்தச் சவுக்கு அடித்தது?

"நிக்கலஸின் கெடுபிடியிலும் புஷ்கினும் கோகலும் எழுதவில்லையா?" என்பார் நண்பர். எழுதினார்கள். பாறையிடுக்கில் ஆலங்கன்று முளைப்பதுண்டு. அதைக் கண்டு தன் வயலில் பாறையைக் கொட்டிய விவசாயியை நான் பார்த்ததில்லை.

ஸ்டாலின் காலத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். மந்தெல்ஷ்தாம் என்ற மகாகவி 1938-ல் விளாடிவாஸ்டாக் அருகே கைதிகள் முகாமில் மாண்டார். அக்மதோவா, மகன் சிறைப்பட்ட துயரத்தைப் பாடிய 'ரெக்வியம்' கவிதையைக் காகிதத்தில் வைத்திருக்கவே அஞ்சினார். நெருங்கிய தோழிகள் அதை மனப்பாடம் செய்து காத்தார்கள். அவருடைய தேசத்தில் அது அச்சேறியது 1987-ல். அதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அந்தக் கவிதைக்காக நாம் கும்பிட வேண்டியது அந்தத் தோழிகளையா, சிறைக் கதவையா?

ஸ்டாலின் மறைந்து பிடி தளர்ந்தபோதுதான், 1962-ல் 'நோவி மிர்' பத்திரிகையில் சோல்செனித்சினின் முகாம் கதை வெளிவந்தது. பிடி முழுவதும் விட்டுப்போகவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. அதற்கு முந்தின ஆண்டுதான் குரோஸ்மனின் பெரிய நாவலைப் போலீஸார் பறிமுதல் செய்தார்கள். தட்டச்சு ரிப்பனைக்கூட விட்டுவைக்கவில்லை!

பிழைத்து வந்த புத்தகங்களை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு பேசுவதுதான் நண்பர் செய்கிற தவறு. சிறுகதை மேதை பாபெலை 1939-ல் கைது செய்து, 1940-ல் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அள்ளிச் சென்ற அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ருஷ்ய இலக்கியத்தின் அலமாரியில் அந்தத் தட்டு காலியாகவே இருக்கிறது.

சவுக்குக்கு நன்றி சொல்கிறவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கட்டும். காபியைப் பிறகு குடிக்கலாம்.