புது பிசியில கேம் ஓடலையா? கிரெடிட் கார்டு தேய்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



மியூச்சுவல் ஃபண்ட், வருமான வரின்னு பேசுற ஒரு சி.ஏ. எதுக்கு கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதறான்னு தோணலாம். காரணம் பணம்தான். முதல் போனஸ்லயோ இஎம்ஐ போட்டோ 80,000 ரூபாய்க்கு புது பிசி வாங்குறாங்க. ஆசைப்பட்ட கேமை ஓப்பன் பண்ணினா கறுப்புத் திரை. இல்லன்னா ரெண்டு செகண்ட்ல திரும்ப டெஸ்க்டாப். அடுத்த நாளே "கிராஃபிக்ஸ் கார்டை மாத்திடலாமா?"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க.

என் கருத்து இதுதான்: கோளாறு எங்க இருக்குன்னு தெரியாம போடுற ரெண்டாவது பணத்தை மாதிரி வீண் செலவு வேற இல்ல.

முதல்ல கணக்கு பார்ப்போம்

35,000 ரூபாய் கார்டை கிரெடிட் கார்டு இஎம்ஐயில 12 மாசத்துக்கு, 16% வட்டியில வாங்குறீங்கன்னு வைங்க. மாசம் சுமார் 3,176 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 3,100. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 560. ஆக 38,600 ரூபாய்க்கு மேல போகுது, பிராசஸிங் கட்டணம் தனி. புது கார்டுக்கு பவர் சப்ளை பத்தலைன்னா அதுவும் உங்க தலையில. இன்னொரு விஷயம், கம்ப்யூட்டருக்கு வருமான வரி விதிகளே வருஷத்துக்கு 40% தேய்மானம் கொடுக்குது. அவ்வளவு வேகமா மதிப்பு இறங்குற பொருள் மேல அவசரப்பட்டு பணம் போட வேண்டாம்.

பைசா செலவில்லாம பார்க்க வேண்டியவை

ஒண்ணு, கேபிள். டெஸ்க்டாப்னா பின்னாடி போய் பாருங்க. மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகியிருந்தா, நீங்க காசு கொடுத்த கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பிராசஸர்ல இருக்கிற சின்ன கிராஃபிக்ஸ்தான் வேலை செய்யும். கேபிளை கார்டுல இருக்கிற போர்ட்டுக்கு மாத்துங்க. லேப்டாப்னா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்க.

ரெண்டு, டிரைவர். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் எதுவா இருந்தாலும் அவங்க சொந்த தளத்துலயே இலவசமா கிடைக்கும். காசு கேட்கிற 'டிரைவர் அப்டேட்டர்' சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்ல.

மூணு, டிஎல்எல் காணோம்னு வர்ற பிழை. விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140னு பேர் வந்தா, மைக்ரோசாஃப்ட்டோட விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை அவங்க தளத்துல இருந்து இன்ஸ்டால் பண்ணுங்க. முன்பின் தெரியாத தளத்துல ஒத்தை டிஎல்எல் ஃபைலை இறக்காதீங்க. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு"ன்னு சொல்ற கிராக் கேம் பக்கமே போகாதீங்க. அதே பிசியிலதான் நீங்க நெட் பேங்கிங் பண்றீங்க, டீமேட் கணக்கு திறக்குறீங்க. 2,000 ரூபாய் கேமை மிச்சம் பிடிக்கப் போய் பேங்க் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு வரக்கூடாது.

நாலு, செக்யூர் பூட். விண்டோஸ் 11ல வாலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டும் ஆன்ல இருக்கணும். 2025 அக்டோபர்ல வந்த பேட்டில்ஃபீல்டு 6-க்கும் செக்யூர் பூட் வேணும். உங்க பிசி எவ்வளவு பவர்ஃபுல்லா இருந்தாலும் இது ஆஃப்ல இருந்தா கேம் கதவைத் திறக்காது. பயாஸ் செட்டிங்ல மாத்துறதுதான், செலவு பூஜ்யம். மாத்துறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெகவரி கீயை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க.

பிழைச் செய்தியை அப்படியே நம்பாதீங்க

இதுக்கு நல்ல உதாரணம் 2024ல நடந்தது. இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வெச்சிருந்த பல பேருக்கு கேம் ஓப்பன் பண்ணும்போது "வீடியோ மெமரி போதவில்லை"ன்னு பிழை வந்துச்சு. படிச்சா யாருக்கா இருந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டு மேலதான் சந்தேகம் வரும். ஆனா கோளாறு இருந்தது பிராசஸர்ல. தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு அது மெல்ல மெல்ல கெட்டுப் போச்சு. இன்டெல் நிறுவனமே அதை ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல மைக்ரோகோட் அப்டேட் கொடுத்து, பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரண்டியை 2 வருஷம் நீட்டிச்சது. அந்த நேரத்துல புது கார்டு வாங்கியிருந்தா பணமும் போயிருக்கும், அதே பிழையும் வந்திருக்கும். வாரண்டியில இலவசமா தீர வேண்டிய பிரச்சனை அது.

உங்களுக்கு சாதகமா இருக்கிற தேதிகள்

ஸ்டீம்ல வாங்கின கேம்னா, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா ஓட்டியிருந்தா ரீஃபண்ட் கேட்கலாம். கேமைத் திறந்து வெச்சுட்டு மெனுவில செட்டிங் நோண்டுற நேரமும் அந்த 2 மணி நேரத்துல சேரும். அதனால சோதனையை கேமுக்கு வெளியில பண்ணுங்க, லைப்ரரியில காட்டுற நேரத்தை அப்பப்போ பாருங்க.

பிசியிலயே குறைன்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்க பக்கம் இருக்கு. குறையுள்ள பொருளை, பில்லுல போட்டிருக்கிற காலத்துக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கிறது முறையற்ற வணிக நடைமுறை. பில்லுல காலமே போடலைன்னா 30 நாள். பில் கொடுக்காம விடுறதும் அதே கணக்குதான். "ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தரேன் சார்"னு சொல்ற இடத்துல நீங்க மிச்சம் பிடிக்கிறது வரியை மட்டும் இல்ல, உங்க உரிமையையும் விட்டுட்டு வர்றீங்க. கடைக்காரர் அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீல் ஒட்டின பிசின்னா, திறக்கிறதுக்கு முன்னாடி விற்றவரைக் கேட்டுக்கோங்க.

அப்போ செலவே பண்ணக்கூடாதா?

அப்படிச் சொல்லல. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் வசதி ஹார்டுவேர்லயே இருக்கிற கார்டு இல்லாம ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650 போட்ட பிசியில எந்த கேபிளை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. கேம் பக்கத்துல போட்டிருக்கிற குறைந்தபட்ச தேவையையும் உங்க பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிசி அதுக்குக் கீழே இருந்தா, கேமை ரீஃபண்ட் பண்ணுங்க, இல்லன்னா ஆறு மாசம் பணம் சேர்த்து கார்டு வாங்குங்க. இஎம்ஐ வேண்டாம்.

"என் நேரமும் பணம்தானே சார், ரெண்டு நாள் நோண்டுறதுக்கு புதுசு வாங்கிடலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. நியாயமான கேள்வி. ஆனா மேல சொன்ன நாலு சோதனைக்கும் ஒரு சாயங்காலம் போதும். ஒரு சாயங்காலத்துல 38,000 ரூபாய் சம்பாதிக்கிறவங்க நம்மள்ல எத்தனை பேர்? தவிர, காரணம் தெரியாம வாங்கின கார்டு பிரச்சனையைத் தீர்க்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

இனிமேதான் பிசி வாங்கப் போறீங்கன்னா ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க விளையாடப் போற மூணு கேம் பேரை கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, "இந்த செட்டிங்ல இது ஓடுமா?"ன்னு கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. ஓடும்னு எழுதிக் கொடுத்துட்டு ஓடலைன்னா, அது பொய்யான உறுதிமொழி. புகார் கொடுக்க உங்க கையில ஆதாரம் இருக்கும். ஏற்கனவே வாங்கியாச்சுன்னா, இன்னிக்கே பில்லை எடுத்து தேதியையும், சீரியல் நம்பர் இருக்கான்னும் பாருங்க. அந்த ரெண்டையும் போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வெச்சுக்கோங்க.