பாறைக்கு அடியில் பார்க்க ஒன்றுமில்லையா?

திண்டுக்கல்லில் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் ஒன்றுதான்: "நாம இருக்கிறது கெட்டிப் பாறை மேல. பூமித் தட்டு அமிழுறது, அதைப் படம் பிடிக்கிறதெல்லாம் ஜப்பான்காரங்க பாடு." படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இதில் பாறை கெட்டி என்பது மட்டும்தான் சரி.

அமிழ்வது யாருடைய தட்டு? அந்தமானுக்கு அடியில் செருகிக்கொண்டு போவது இந்தியத் தட்டு; நம் மலைக்கோட்டையைத் தாங்கி நிற்கும் அதே தட்டு. பாரன் தீவில் எரிமலை புகைவது அதனால்தான்.

இங்கே நிலம் ஆடுவதில்லை, அளக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த வாதம். ஆடாத இடத்தில்தான் தொலைவிலிருந்து வரும் அதிர்வு தெளிவாகப் பதியும். பைபாஸ் லாரியும் பம்ப்செட்டும் அதைக் கெடுத்துவிடும் என்பதால் கருவிக்கு அமைதியான பாறை வேண்டும். கொடைக்கானலில் நூறாண்டுக்கு முன்பே நிலநடுக்கமானி வைத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் கிளம்பிய முதல் நிலநடுக்க அலை, ஏறத்தாழ 2,100 கி.மீ. கடந்து இந்தப் பக்கம் வர நாலரை நிமிடம் போதுமாக இருந்தது. இப்படி வரும் அலை வழியில் 400 கி.மீ. ஆழம்வரை, மேலோட்டுக்கு அடியில் உள்ள மேற்கவசத்துக்குள் இறங்கி ஏறுகிறது. கணக்கிட்ட நேரத்துக்குச் சற்று முந்தி வந்தால் வழியில் குளிர்ந்த பாறை. பிந்தினால் பெரும்பாலும் சூடான பாறை. இப்படி ஆயிரக்கணக்கான அலைகளின் நேரத்தைக் கோத்துத்தான் அமிழும் தட்டின் உருவத்தை எடுக்கிறார்கள்.

அந்தப் படத்தைக் "கலர் அடித்த கற்பனை" என்பவர்களுக்கு: நிறம், அலையின் வேகம் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்பதன் குறி. சிவப்பு என்றால் எரிமலைக் குழம்பு என்று செய்திகளில் எழுதுவது தவறு. கவசம் பெரும்பாலும் திடப் பாறைதான். அலைகள் குறைவாகச் செல்லும் இடத்தில் படம் மங்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே என்றுமே எதுவும் நடந்ததில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பழனிக்கு வடக்கே ஓடும் பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் மூடிக்கொண்டது என்று புவியியலாளர் பலர் கருதுகிறார்கள். கடல் மூடி இரு கரைகளும் இணைந்த தையல் எங்கே விழுந்தது என்பதில் சண்டை ஓயவில்லை. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் உள்ள கெங்குவார்பட்டியின் பாறைகள் 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்தவை. குப்பம்–பழனி, வத்தலக்குண்டு–கன்னியாகுமரி என்று கோடு போட்டு, குழியில் வெடி வைத்து, தரையில் வரிசையாக உணர்கருவி ஊன்றி, மேலோட்டின் அடிவரை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கடல் மூடியபோது அமிழ்ந்த தட்டை இனி இங்கே தேடிப் பயனில்லை. இந்தியா அந்த இடத்தை விட்டுப் பல ஆயிரம் கி.மீ. வடக்கே வந்துவிட்டது. மேலோட்டில் அது விட்டுப்போன தழும்பு மட்டும் நம்மோடு சேர்ந்தே வந்திருக்கிறது.