திறப்புக் கொத்துக்கே காவல் வேண்டும்

2024 ஒக்ரோபரில் ஃபோர்ட்டிநெட் நிறுவனம் தனது ஃபோர்ட்டிமனேஜர் மென்பொருளில் ஓட்டை இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தது. பல அலுவலகங்களின் ஃபயர்வால்களை ஓரிடத்திலிருந்து ஆளும் மென்பொருள் அது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் ஒருவர் அதற்குள் கட்டளையிட முடிந்தது. அபாயம் 10க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. ஜூன் மாதத்திலிருந்தே அந்த ஓட்டை வழியாகத் திருட்டு நடந்ததை இணையப் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட்டின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு கதவின் பூட்டு பழுதாவது வேறு, எல்லாக் கதவுகளின் திறப்புக் கொத்தும் பறிபோவது வேறு.

வன்னியின் கரையோரக் கிராமமான நாயாற்றுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். காணிப் பிணக்கானாலும் கடற்றொழில் பிணக்கானாலும் அதன் எழுத்துச் சான்று இன்று அரச கணினிகளிலும் தங்கியிருக்கிறது. 2023 ஓகஸ்டில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கும் லங்கா அரச முகில் கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவேயில்லை. அங்கே காலாவதியான மென்பொருள் பாவனையில் இருந்தது. அதை மாற்றுவதற்கு நிதி போதவில்லை என்றார்கள் அதிகாரிகள். நிதி நெருக்கடி மெய்தான். ஆனால் ஃபயர்வால்களை ஆளும் முகாமைக் கணினியை இணையத்துக்குத் திறந்து வைக்காதிருக்கவும், தரவுகளின் பிரதியொன்றை வலையமைப்புக்கு வெளியே பேணவும் பெருந்தொகை வேண்டியதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் காத்திராமல் வன்னியின் மாவட்டச் செயலகங்கள் இவ்விரண்டையும் இப்போதே செய்யவேண்டும்.