காலத்தாழ்வும் ஒரு காவலே

வங்கிப் பாதுகாப்பு என்றவுடன் இரும்புப் பெட்டகமும் துப்பாக்கி ஏந்திய காவலரும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய இணையக் கொள்ளையர் முதலில் பார்ப்பது நாட்காட்டியை.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. மறுநாள் வங்கதேசத்தில் வார விடுமுறை. அடுத்து நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்களன்று பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. இந்த இடைவெளியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குக் கடத்தப்பட்டது. நம் நாட்டில், புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி தாக்கப்பட்டது 2018 ஆகஸ்டு 11 அன்று. அது வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை. ஏ.டி.எம். பரிமாற்றங்களுக்குப் போலி ஒப்புதல் வழங்கச் செய்து, நகல் அட்டைகளின் மூலம் 28 நாடுகளில் சில மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 78 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது.

வங்கிகளிடம் யோசிக்க ஆளில்லாத நேரத்தைத் தேடுவோர், தனிமனிதரிடம் யோசிக்க நேரமில்லாத நிலையை உருவாக்குகின்றனர். “இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்”, “கே.ஒய்.சி. புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்”, “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்” என்பன எல்லாம் அவசரப்படுத்தும் தந்திரங்களே. டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை.

ஆண்டுக்கணக்காக வேகத்தையே தங்கள் பெருமையாக விளம்பரப்படுத்தி வந்த வங்கிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. புதிய பெறுநருக்கு முதன்முறையாகப் பெருந்தொகை அனுப்பும்போது சில மணி நேரக் காத்திருப்பு கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவமனைச் செலவு போன்ற அவசரங்களில் இது இடையூறாகாதா என்ற கேள்வி நியாயமானதே. நம்பிக்கைக்குரிய பெறுநர்களை முன்கூட்டியே பதிவு செய்துவைத்தால் அந்த இடையூறு பெரிதும் குறையும். புதிய பெறுநருக்கான வரம்பைத் தொல்லையெனக் குறைகூறும் வாடிக்கையாளர்கள், அது தங்கள் சேமிப்புக்கான காவல் என்பதை உணர வேண்டும்.

பணம் பறிபோன பின்னரோ, காலம் நேர்மாறாக இயங்குகிறது. அப்போது ஒவ்வொரு நிமிடத் தாமதமும் மோசடிக்காரருக்கே இலாபம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறிமுறையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு இருந்தாலும், புகார் தெரிவித்த பின்னர் நிகழும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். ஆகவே, வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைக்காமல் உடனே வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அதை முடக்கிவைக்க அதுவே வழி.

அனுப்பும்போது நிதானம், புகார் அளிக்கும்போது விரைவு. இவ்விரண்டையும் வீட்டிலுள்ள முதியோருக்கும் இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.