மழைக்கு முன் ஓர் ஊசி

நாட்டின் பல பகுதிகளில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் தொடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் அது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் மிகுந்து பரவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே தமிழ்நாட்டில் முதியவர்களும் சர்க்கரை, இதய நோயாளிகளும் ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதே உசிதம். மூன்று நாளில் போகும் காய்ச்சலுக்கு ஊசி எதற்கு என்பார்கள். இளவயதினர் பெரும்பாலோருக்கு அது காய்ச்சலோடு போய்விடும். இதயம் பலவீனமானவருக்கு அப்படியல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகரிப்பதைக் கண்டது. அப்படி இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். ஃப்ளூவை நாம் அற்பமாக நினைப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். சுவாசக் கோளாறால் நேரும் ஃப்ளூ மரணங்கள் மட்டுமே உலகில் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஒருமுறை போட்டால் போதாதா? போதாது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசி தந்த பாதுகாப்பும் சில மாதங்களில் தேய்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த ரகங்கள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு பி யமகாட்டா ரகம் எங்கும் பரவியதாக உறுதியாகாததால், அதை நீக்கவும் பரிந்துரைத்தது. ரகம் நன்கு பொருந்தும் ஆண்டுகளில்கூட நோயைத் தடுக்கும் திறன் 40 முதல் 60 விழுக்காடுதான் என்பது உண்மை. ஆனால் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. மீறி வந்தாலும் நோய் கடுமையாகும் வாய்ப்பு குறைகிறது. ஊசியாலேயே ஃப்ளூ வந்தது என்ற புகாரில் உண்மையில்லை. இங்கு பரவலாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கைவலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

நியாயமான மறுப்பு ஒன்றுண்டு: விலை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால், முதியவர்கள் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கைக்காசு செலவழிக்க வேண்டியிருக்கிறது. பென்ஷன் இல்லாத ஒருவரிடம் ஆண்டுதோறும் இதைச் செய் என்று சொல்வது அறிவுரையே ஆகாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கிறது. யாருக்கு இந்த ஊசி அவசியமோ அவர்களில் பலரின் பெயர் அத்திட்டத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஊசி மருந்தைக் குளிரில் வைக்கும் வசதியும் குழந்தைகளுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே உள்ளது. அரசு மருந்தை மொத்தமாக வாங்கி, ஆகஸ்டிலேயே அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு இலவசமாகப் போடத் தொடங்க வேண்டும்.