உருளையை இகழாதீர்!



சபைகூடலுக்கும் போட்டி விளையாட்டுக்கும் வேண்டிய ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டுப்பலகை வாங்கித் தாமே செய்ய முனைவோரைப் பாராட்ட வேண்டும். ஆனால், பெட்டி உருவானதும் ஒரு வழக்கு எழுகிறது. சொரசொரப்பான கறுப்புக் காப்புப் பூச்சைத் துப்பாக்கியால் தெளிப்பதா, உருளையால் உருட்டுவதா? “தெளித்தால்தான் கடைப்பெட்டி போல் இருக்கும், உருட்டினால் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடித்தது போல் இருக்கும்” என்று அறிவுரை கூற ஒருவர் வந்துவிடுவார். இக்கூற்றை நான் மறுக்கிறேன். பள்ளியிலும் வீட்டிலும் செய்யும் பெட்டிக்கு உருளையே உரியது. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் தெளிப்புத் துப்பாக்கிக்கு வேலையில்லை.

முதலில் அழகைப் பார்ப்போம். சுவருக்குரிய உருளையைக் கொண்டு உருட்டினால் சுவர் போலத்தான் இருக்கும். இது உருளையின் குற்றமன்று, தேர்ந்தவரின் குற்றம். நீரில் கரையும் கெட்டியான அக்ரிலிக் பூச்சுக்கென்றே துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற உருளைகள் உள்ளன. அவை பூச்சை இழுத்து மேலே எழுப்பிச் சிறு சிறு முகடுகளை உண்டாக்குகின்றன. சொரசொரப்பு அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது, அழகினும் பெரிது. தெளிப்பை விரும்புவோர் பலர், லாரியின் தளத்திற்குப் பூசும் இருகலவைப் பாலியூரித்தேன், பாலியூரியா வகைகளையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். இவற்றில் ஐசோசயனேட் உள்ளது. தெளிக்கும்போது அது நுண்துளியாக மிதந்து நுரையீரலுக்குள் செல்லும். ஒருவர் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே பட்டாலும் ஆஸ்துமா வரலாம். மூக்கில் கட்டும் சாதாரணத் தூசிக்கவசம் இதைத் தடுக்காது. தொழிற்கூடங்களில் தனிக்குழாய் வழியே தூய காற்றை வரவழைத்துச் சுவாசித்துக்கொண்டு தெளிக்கின்றனர். நம் பள்ளி மண்டபத்தின் பின்புறத்தில் அந்த ஏற்பாடு உண்டா?

“நீரில் கரையும் பூச்சைத்தானே தெளிக்கிறோம்” என்பர். அதன் துளியும் காற்றில் மிதக்கத்தான் செய்யும். பழைய வகைத் துப்பாக்கியில் பாதிக்கு மேற்பட்ட சாயம் பெட்டியில் ஒட்டாமல் வீணாகலாம். அது பக்கத்தில் நிற்கும் மகிழுந்திலும் படியும். பிள்ளையின் மூச்சிலும் கலக்கும்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு பெட்டிக்குத் தெளிக்கும் சாயம் அவ்வளவு பெரிய கேடு அன்று. ஆயினும், பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் எது கலக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் 2024 ஜூன் 1 முதல் ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. பள்ளியும் ஒரு பணியிடமே.

தெளிப்புக்குச் சிறப்பே இல்லையா? உண்டு. ஐம்பது பெட்டிகளை ஒரே நாளில் முடிக்கவும், வளைவுகளிலும் இடுக்குகளிலும் சீராகப் படியச் செய்யவும் அது வல்லது. நாள்தோறும் லாரியில் ஏறி இறங்கும் வாடகைப் பெட்டிக்குப் பாலியூரியாவின் உறுதி தேவைதான். அதைத் தொழிற்கூடத்தில் கொடுத்துச் செய்வதே முறை. நம்மிடம் உள்ளவையோ இரண்டு பெட்டிகள். அவை கீறுபட்டாலும் உருட்டிய பூச்சை ஒரு பிடி சாயத்தைத் தொட்டு நாமே சரிசெய்துகொள்ளலாம். இனிமையான ஓசைக்கும் பூச்சு முறைக்கும் தொடர்பில்லை. அது பெட்டியின் கொள்ளளவையும், பலகையின் உறுதியையும், உள்ளிருக்கும் ஒலிபெருக்கியையும் பொறுத்தது.

உருட்டுவதற்கும் முறை உண்டு. பலகையின் வெட்டுமுனைகளை மரப்பசையால் அடைத்துத் தேய்க்க வேண்டும். கூரான விளிம்பில் பூச்சு மெலிந்து விரைவில் உரியும். ஆதலால் விளிம்புகளை உருட்டையாக்க வேண்டும். பூசும் முகம் மேல்நோக்கிப் படுத்திருக்கட்டும். முதற்பூச்சு மெல்லியதாகவும், அது காய்ந்த பின் இரண்டாவது சற்றுக் கனமாகவும் அமையட்டும். பாதி காய்ந்த இடத்தில் மீண்டும் உருட்டினால் திட்டுத்திட்டாகும். நம் நாட்டு ஈரக்காற்றில் பூச்சு மெதுவாகவே இறுகும். எனவே சில நாள்கள் கழியாமல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும்.

இவை அனைத்தையும் ஆறாம் ஆண்டு மாணவன் நம் பக்கத்தில் நின்று, கையுறை அணிந்து, தானே செய்து கற்கலாம். தெளிப்புத் துப்பாக்கியை எடுத்தாலோ, “தள்ளிப் போ” என்றுதான் அவனிடம் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளையை விரட்டிவிட்டுப் பெறும் பளபளப்பு நமக்கு எதற்கு? கைவேலையைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்கை முதலில் நாம் கைவிடுவோம்; பிள்ளைகள் தாமே பின்பற்றுவர்.

சிந்திப்போம், செயற்படுவோம்.